தாழ்ப்பாள் துப்பாக்கியும் அதை வைத்திருந்தவர்களும்

இன்றிரவு உறங்கச் செல்லுமுன் வீட்டு வாசற்கதவைத் தாழிடுவீர்கள் அல்லவா? அப்போது ஒரு கணம் அந்தத் தாழ்ப்பாளைக் கவனித்துப் பாருங்கள். குமிழைப் பிடித்துத் தண்டை முன்னே தள்ளுகிறோம். பிறகு குமிழைக் கீழே மடக்கிவிடுகிறோம். மடக்கிய பின் வெளியிலிருந்து எவ்வளவு முட்டினாலும் தண்டு பின்வாங்குவதில்லை. திறக்க வேண்டுமானால் குமிழை உயர்த்திப் பின்னுக்கு இழுக்கிறோம். இந்த எளிய செயலைக் கொண்டே துப்பாக்கிக் குழலின் பின்வாயை அடைத்துவிடலாம் என்று ஒருவருக்குத் தோன்றிற்று. அவர் ஒரு பூட்டுக் கொல்லரின் மகன் என்பதை அறிந்தால் உங்களுக்கு வியப்பு உண்டாகாது.

பிரஷ்யா நாட்டில் சொமெர்டா என்னும் ஊரினரான நிக்கோலாஸ் டிரைசே என்பவரே அவர். அவர் காலம் வரையில் போர்வீரன் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, முன்வாய் வழியே மருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் இடித்து நிரப்புவான். அதற்கு அவன் எழுந்து நிற்க வேண்டும்; எழுந்து நின்றவன் பகைவனுக்கு நல்ல குறி. டிரைசே செய்த துப்பாக்கியைப் படுத்த நிலையிலேயே பின்புறமாக நிரப்பலாம். பிரஷ்ய அரசு 1841-இல் அதை ஏற்றுக்கொண்டது. 1866-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் கோனிக்கிரேட்ஸ் போர்க்களத்தில், முன்வாய்த் துப்பாக்கி ஏந்திய ஆஸ்திரியப் படை அதன் எதிரே நின்று பெருஞ்சேதம் அடைந்தது. ஆனால் அக்கருவியைச் சுமந்த வீரனைக் கேட்டால் வேறொரு செய்தி கூறியிருப்பான். பின்வாயின் இடுக்கு வழியே தீயும் புகையும் சீறி முகத்தில் அடிக்கும்; ஆகவே பலர் அதை முகத்தருகே வைத்துக் குறிபார்க்க அஞ்சி இடுப்பருகே பிடித்துச் சுட்டனர். செய்தவர் பெருமை கூறலாம், அரசர் பரிசு வழங்கலாம். கருவியின் குறையும் நிறையும் அதைக் கையில் வைத்திருந்தவனுக்கே முழுமையாகத் தெரியும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுதான். வரலாற்றைக் கற்பிப்பவன் என்ற முறையிலன்றி வேட்டைக்காரன் என்ற முறையில் எனக்குத் துப்பாக்கியோடு பழக்கம் இல்லை. ஆகையால் நெடுநாள் அதனோடு வாழ்ந்தவர்களின் தீர்ப்பையே உங்கள் முன் வைக்கிறேன்.

டிரைசேயின் துப்பாக்கிக்கும் நாம் காணப்போகும் வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் இடையே இரண்டு மாறுதல்கள் நிகழ்ந்தன. ஒன்று, காகிதத் தோட்டா போய்ப் பித்தளைத் தோட்டா வந்தது. பித்தளை வெடிப்பின் வேகத்தில் விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்வதால் பின்வாயில் தீ கசிவது நின்றது. மற்றொன்று, 1884-இல் பிரெஞ்சு அறிஞர் பால் வியேல் கண்ட புகையில்லா மருந்து. கருமருந்தைவிட இது பன்மடங்கு விசையுடையது. பழைய துப்பாக்கியில் வலிமை வேண்டுமென்றால் குண்டைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. புதிய மருந்து வந்தபின், பென்சிலை ஒத்த பருமனுள்ள சிறிய குண்டும் மிகுந்த வேகத்தோடு சென்று ஆழமாக ஊடுருவிற்று. குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்ட சுருள் பள்ளங்கள் அக்குண்டைப் பம்பரம்போல் சுழலச் செய்வதால் அது நேர்கோட்டில் சென்றது. பழைய வேட்டைக்காரர்கள் இதை நம்பவில்லை. யானையைக் கொல்லப் பெருங்குண்டுதான் வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

அம்முடிவை மறுத்தவருள் தலையாயவர் வால்ட்டர் பெல் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். 1880-இல் எடின்பரோவுக்கு அண்மையில் பிறந்தவர்; இரண்டாம் வயதில் தாயையும் ஆறாம் வயதில் தந்தையையும் இழந்தவர். பள்ளியில் அடங்காமல் ஓடிக் கடலில் வேலை செய்து, பதினாறு பதினேழு வயதிலேயே உகாண்டா இருப்புப்பாதைப் பணியில் சிங்கங்களைச் சுடும் வேலைக்குச் சென்றார். அப்போது அவர் கையில் இருந்தது ஒரே ஒரு தோட்டா கொள்ளும் துப்பாக்கி. வெப்ப நாட்டில் சுட்ட பிறகு வெற்றுத் தோட்டா வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. சிங்கத்தைத் தேடிச் சென்றவன் இரண்டாம் முறை சுட முடியாமல் நிற்பதை எண்ணிப் பாருங்கள். பெல்லின் பிற்காலத் தீர்ப்புகள் யாவற்றுக்கும் வேர் இந்த அனுபவத்தில் இருந்தது என்றே நான் கருதுகிறேன். அழகு, விலை, பெரும் பெயர் எல்லாம் பின்னால். கேட்கும்போது தவறாமல் வெடிக்குமா என்பதே அவருக்கு முதற்கேள்வி.

பிறகு கனடாவின் வடகோடியில் தங்கம் தேடும் கூட்டத்தாருக்கு இறைச்சி தேடிக் கொடுத்தார். கூட்டாளி ஏமாற்றிவிட்டதால் கையிலிருந்த துப்பாக்கியை விற்றுத் திரும்பினார். போயர் யுத்தம் வந்தது. கனடியப் படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்கா சென்று, போயர்களிடம் சிறைப்பட்டுத் தப்பியும் வந்தார். அந்த யுத்தத்தில்தான் 7 மில்லிமீட்டர் மௌசர் துப்பாக்கியின் ஆற்றலை உலகம் கண்டது. போயர்களின் கையில் இருந்தது அதுவே. அக்காலத்தில் நேட்டாலில் காந்தியடிகள் அமைத்த இந்தியத் தூக்குக்கட்டில் படையில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றிருந்த தமிழர் பலர் இருந்தனர். மௌசர் குண்டு செய்த காயங்களைச் சுமந்து நடந்த தோள்களில் அவர்கள் தோள்களும் உண்டு.

1902-க்குப் பின் பெல் யானை வேட்டையையே தொழிலாக்கிக்கொண்டார். உகாண்டாவின் வடகிழக்கில் உள்ள கரமோஜா நாட்டில் அலைந்ததால் 'கரமோஜோ பெல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் வாங்கிப் பயன்படுத்திய துப்பாக்கிகள் பல. இனி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இரட்டைக்குழல் துப்பாக்கி. இதில் தாழ்ப்பாள் இல்லை. நடுவில் மடங்கித் திறக்கும். இலண்டன் கைவினைஞர் பல மாதம் உழைத்துச் செய்வது. விலையோ சாதாரணத் தாழ்ப்பாள் துப்பாக்கியைப்போல் பல மடங்கு. இரண்டு வெடிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் கிடைக்கும். மூன்றாவது வேண்டுமென்றால் திறந்து, பழைய தோட்டாக்களை நீக்கி, புதியவற்றைச் செருக வேண்டும். பெல் இத்தகைய ஒன்றை வைத்திருந்து கைவிட்டார். அது கனமானது, விரைவாக நிரப்பும்போது ஓசை எழும், மணலும் சேறும் புகுந்தால் மடங்க மறுக்கும் என்பவை அவருடைய குறைகள். நூல்களில் படிக்கும்போது ஐந்து கிலோ என்பது சிறு எண்ணாகத் தோன்றும். ஒரு யானைக்கு அவர் நடந்த தூரம் சராசரி 73 மைல் என்று தாமே கணக்கிட்டிருக்கிறார். ஓராண்டில் 24 இணை காலணிகள் தேய்ந்தன. நிலநடுக்கோட்டு வெயிலில் 73 மைலும் சுமப்பவனுக்கு ஒவ்வொரு கிலோவும் தனியே பேசும். கனத்தைச் சுமக்க ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றால், யானை எதிர்ப்படும் கணத்தில் அந்த ஆள் அருகில் இருக்க வேண்டுமே!

அடுத்தது லீ-என்ஃபீல்டு. ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் அமைத்த தாழ்ப்பாளும் ஆங்கில அரசின் என்ஃபீல்டு தொழிற்சாலையில் உருவான குழலும் சேர்ந்த துப்பாக்கி. கரமோஜாவுக்குச் சென்ற முதற்பயணத்தில் பெல் பத்துத் தோட்டா கொள்ளும் இத்தகைய .303 துப்பாக்கிகள் இரண்டை எடுத்துச் சென்றார். இதன் தாழ்ப்பாளை உயர்த்தும் தூரம் குறைவு. ஆகவே மிக விரைவாக இயக்கலாம். விலை மலிவு, ஆங்கிலக் கொடி பறந்த இடமெல்லாம் தோட்டா கிடைக்கும். குறையும் உண்டு. .303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு இருக்கிறது. ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் பின்னே மாட்டும்படி நிரப்பிவிட்டால் மேல்தோட்டா நகராமல் முரண்டு பிடிக்கும். பதற்றமில்லாதவன் நிரப்பும்போது இது நேராது. பதற்றமில்லாத நேரத்தில் துப்பாக்கியை யார் அவசரமாக நிரப்புகிறார்கள்?

மூன்றாவது மான்லிக்கர்-ஷோனாவர். ஆஸ்திரியாவில் பிறந்தது, 1903-இல் கிரேக்க நாட்டுப் படை ஏற்றுக்கொண்டது. கைக்கு இனிமையில் இதற்கு நிகர் இல்லை என்று வைத்திருந்தோர் பலரும் கூறியிருக்கிறார்கள். மூன்று கிலோ அளவே எடை. தாழ்ப்பாள் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கிச் செல்லும். தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படாமல், இராட்டினத்தில் குழந்தைகள் அமர்வதுபோல் ஒரு சுழலும் உருளையின் பள்ளங்களில் தனித்தனியே அமரும். ஆகையால் அவை உராய்ந்து கூர் மழுங்குவதில்லை. 6.5 மில்லிமீட்டர் பருமனும் பத்து கிராம் எடையும் உள்ள அதன் நீண்ட குண்டு யானையின் மண்டையோட்டுக்குள்ளும் நேராகப் புகுந்தது. பெல் இதை விரும்பினார். எனினும் நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கிடைத்த தோட்டாக்கள் நம்பத்தக்கனவாக இல்லை. துப்பாக்கியில் குற்றம் இல்லை, தோட்டாவில்தான் என்று நாம் இங்கே அமர்ந்து நீதி வழங்கலாம். யானை அந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

நான்காவதாக, ஆங்கிலேயர் செய்த .318 அளவுத் துப்பாக்கி ஒன்று. குண்டு கனமானது, நன்று. ஆனால் அதிலும் வெடிக்காத தோட்டாக்கள் தலைகாட்டின. எஞ்சிய தோட்டாக்களை வீணாக்க மனமின்றி அவர் பறக்கும் பறவைகளையும், ஏரியில் துள்ளும் மீன்களையும் சுட்டுத் தீர்த்தாராம். ஒற்றைக் குண்டால் பறக்கும் பறவையை வீழ்த்தும் கையும் கண்ணும் எத்தகையன என்பதை மாணவர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். சற்றுப் பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

இறுதியில் அவர் நிலைத்து நின்றது 7 மில்லிமீட்டர் மௌசரிடத்தில்தான். தாழ்ப்பாள் பகுதி ஜெர்மனியின் ஓபர்ண்டார்ஃப் ஊரில் மௌசர் தொழிற்சாலையில் உருவானது. அதை வேட்டைக்கு ஏற்றபடி முடித்துக் கொடுத்தவர்கள் இலண்டன் ரிக்பி நிறுவனத்தார். ஆங்கிலக் கணக்கில் அதன் பெயர் .275 ரிக்பி. பால் மௌசர் ஒரு துப்பாக்கிக் கொல்லரின் பதின்மூன்றாம் குழந்தை. புதிய தானியங்கித் துப்பாக்கி ஒன்றைச் சோதித்தபோது 1901-இல் ஒரு கண்ணை இழந்தவர். அதற்கு முன்பே, 1898-இல், அவர் அமைத்த தாழ்ப்பாளை ஜெர்மானியப் படை ஏற்றிருந்தது. அதன் சிறப்பைச் சற்று நின்று காண்போம். தாழ்ப்பாளின் முன்முனையில் இரண்டு பூட்டுப் பற்கள். அவை உடைந்தாலும் காக்கப் பின்னால் மூன்றாவது பல் ஒன்று. தோட்டா வெடித்துக் கிழிந்தால் தீக்காற்று சுடுபவன் முகத்துக்கு வராமல் வேறு வழியே வெளியேறத் துளைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, தாழ்ப்பாளின் பக்கத்தில் நீண்ட எஃகுக் கொக்கி ஒன்று இருக்கிறது. தோட்டா அறையை விட்டு மேலெழும்போதே இக்கொக்கி அதன் அடியைப் பற்றிக்கொள்கிறது. குழலுக்குள் செலுத்தி, சுட்டபின் வெளியே இழுத்து எறியும்வரை விடுவதில்லை. துப்பாக்கி தலைகீழாக இருந்தாலும் தோட்டா நழுவாது. அச்சத்தில் பாதி தள்ளிப் பாதியில் இழுத்துவிட்டாலும் ஒரு தோட்டாவின்மேல் மற்றொன்று மோதிச் சிக்காது. மனிதனுடைய கை நடுங்கும் என்பதை முன்கூட்டியே எண்ணிச் செய்த அமைப்பு இது. இளமையில் தோட்டா சிக்கிச் சிங்கத்தின்முன் நின்றவருக்கு இந்தக் கொக்கி எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

பெல் பயன்படுத்திய ஜெர்மானியத் தோட்டாக்களும் தவறியதில்லை. குண்டின் எடை 173 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11 கிராம். பெரிய இரட்டைக்குழல் துப்பாக்கியின் குண்டு 31 கிராமும் அதற்கு மேலும் இருந்தது. சிறு குண்டின் ஓசையும் சிறிது. கூட்டத்தில் ஒன்று விழுந்தபின் மற்ற யானைகள் வெடி எங்கிருந்து வந்தது என்று அறியாமல் நின்றன என்று அவர் எழுதியிருக்கிறார். தம் வாழ்நாளில் கொன்ற 1,011 யானைகளில் சுமார் 800 இவ்வகைத் துப்பாக்கியாலேயே விழுந்தன.

இந்த எண்ணைக் கேட்டதும் உங்கள் மனம் சுருங்கியிருக்கும். என் மனமும் சுருங்குகிறது. ஒரே நாளில் ஒன்பது யானைகளைச் சுட்டு, அவற்றின் தந்தத்தால் 877 பவுன் ஈட்டியதாக அவர் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அத்தந்தங்கள் ஐரோப்பிய வீடுகளில் பியானோ கட்டைகளாகவும் பில்லியர்டு பந்துகளாகவும் உருண்டன. கருவியின் நுட்பத்தை வியப்பதும், அது செய்த வேலையைக் கண்டு வருந்துவதும் ஒரே மனத்தில் நிகழலாம். வரலாறு படிப்பவர் ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு கேள்வியும் எழுகிறது. பெல்லின் தீர்ப்பு எல்லாருக்கும் பொருந்துமா? அவர் இறந்த யானையின் மண்டையை அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து கற்றவர். தேன்கூடு போன்ற அந்தப் பெரிய எலும்புக்குள் மூளை சிறிய இடத்தையே கொண்டிருக்கிறது. அதைத் தொட்டால் 11 கிராம் போதும், தவறினால் 31 கிராமும் யானையை வீழ்த்தாது என்பது அவர் கொள்கை. வழி நடக்கும்போதெல்லாம் வெறுந்துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்துத் தாழ்ப்பாளை இயக்கிப் பழகியவர் அவர். பறவையைப் பறக்கும்போதே வீழ்த்திய கை அது என்பதை முன்பே சொன்னேன். அந்தக் கை இல்லாத ஒருவர் அவருடைய துப்பாக்கியை மட்டும் வாங்கிச் சென்றால், யானைக்குப் புண்ணும் தமக்கு மரணமுமே மிஞ்சும். பிற்காலத்தில் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெரு விலங்குகளைச் சுடுவதற்குக் குழலின் குறைந்த அளவைச் சட்டமே விதித்தது, பெல்லின்.275 அந்த அளவுக்கு வெகு கீழே நின்றது. என் எண்ணத்தில் அச்சட்டம் நேரியதே.

நம் நாட்டில் அன்று துப்பாக்கி வாங்கியவரின் கவலை வேறு. ஆங்கிலேயர் ஆட்சியில் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருக்க இயலாதிருந்தது. உரிமம் பெற்றவரும் விரும்பிய அளவை வாங்க முடியவில்லை. கிளர்ச்சிக்காரரின் கைக்குத் தோட்டா போய்விடும் என்ற அச்சத்தால் .303 போன்ற படை அளவுகளையும், 1907-இல் .450 அளவையும் அரசு தடுத்துவிட்டது. .450 தடுக்கப்பட்டதால் இலண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளை அவசரமாகப் படைத்தனர். இந்தியாவில் இட்ட ஒரு தடை ஆப்பிரிக்க வேட்டைக்காரன் தோளில் இருந்த துப்பாக்கியின் அளவையே மாற்றிவிட்டது. பின்னர் இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகளில் லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே .315 அளவு வேட்டைத் துப்பாக்கி உருவானதும், படை அளவு பொதுமக்களுக்கு இல்லை என்ற அதே விதியால்தான்.

அந்த 1907-ஆம் ஆண்டிலேயே குமாவூன் மலைப்பகுதியில் சம்பாவத் என்னுமிடத்தில் 436 பேரைக் கொன்றதாகக் கூறப்பட்ட பெண்புலியை ஜிம் கார்பெட் சுட்டார். அன்று அவர் கையில் இருந்தது .500 அளவு கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கி. உடன் கொண்டுபோனவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தபின்னும் புலி சாகாமல் எதிரே நின்றது. தாசில்தாரிடம் ஓடி, அவருடைய பழைய சிதறுகுண்டுத் துப்பாக்கியை வாங்கி வந்து முடிக்க வேண்டியதாயிற்று. அதைக் கையில் வாங்கிய பிறகே குழலுக்கும் பின்வாய்க்கும் இடையே இடைவெளி இருப்பதைக் கண்டார்! அச்செயலுக்காக ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹீவெட் அவருக்கு வழங்கிய பரிசு, வெள்ளித் தகடு பதித்த ஒரு .275 ரிக்பி மௌசர். பெல் விலை கொடுத்து வாங்கிய துப்பாக்கியும், கார்பெட்டுக்குப் பரிசாக வந்த துப்பாக்கியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

கார்பெட் பெல்லைப்போல் ஒன்றையே பற்றிக்கொண்டவர் அல்லர், புலிக்கென்று.450/400 இரட்டைக்குழல் துப்பாக்கியையும் வைத்திருந்தார். எனினும் 1930 ஏப்ரல் 11 அன்று, 64 பேரைக் கொன்ற சௌகட் பெண்புலியைத் தேடி ஓர் ஓடைப்பள்ளத்தில் இறங்கியபோது கையில் இருந்தது இலேசான துப்பாக்கிதான். வழியில் கண்ட பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டை எடுத்து இடக்கையில் வைத்திருந்தார். பறவை முட்டை சேர்ப்பது அவருக்கு ஒரு விருப்பம். ஒரு பெரும்பாறையைச் சுற்றித் திரும்பிப் பார்த்தால், எட்டடி தூரத்தில் புலி அவரையே பார்த்தபடி படுத்திருக்கிறது. வேகமாக அசைந்தால் பாயும். இடக்கையை முட்டைகள் பிணித்திருந்தன. வலக்கை ஒன்றினாலேயே துப்பாக்கியை மெல்ல மெல்ல, அசைவே தெரியாதபடி, அரைவட்டத்துக்கு மேல் சுழற்றி நேராக்கினார். கை நீண்டு வலித்து, இனித் தாங்காது என்னும் நிலையில் குழல் புலியை நோக்கியது, விசையை அழுத்தினார். இலேசான துப்பாக்கி தம் உயிரைக் காத்ததாக அவரே எழுதியிருக்கிறார். கனத்த துப்பாக்கியை ஒற்றைக் கையால் அவ்வாறு சுழற்றியிருக்க முடியாது. முட்டைகளையும் அவர் தம்மைக் காத்தவற்றுள் சேர்த்தே எண்ணினார். அவை இல்லாதிருந்தால் பதறித் திரும்பியிருப்பார். முட்டைகளைத் திரும்பக் கூட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டே அவர் ஊருக்குத் திரும்பினார்.

நம் பக்கத்துக் காடுகளில், சேலம், தருமபுரி வட்டாரங்களில் வேட்டையாடிய பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது தாழ்ப்பாள் துப்பாக்கி அன்று. விசையின் கீழே நெம்புகோல் உள்ள.405 வின்செஸ்டர். ஆகவே அவர் கதை நம் பொருளுக்கு வெளியே நின்றுவிடுகிறது. வேறொரு நாள் பேசத் தகுந்தது.

பெல் 1954-இலும் கார்பெட் 1955-இலும் காலமாயினர். கார்பெட் தம் கடைசி ஆண்டுகளில் துப்பாக்கியைவிடப் படப்பிடிப்புக் கருவியையே மிகுதியும் நாடினார். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலிவேட்டையை முடித்துவைத்தது. உலகச் சந்தையில் தந்த வாணிகத்துக்கு 1989-இல் தடை முடிவாயிற்று. கார்பெட்டின் வெள்ளித் தகட்டுத் துப்பாக்கி, அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தாரிடம் நெடுங்காலம் இருந்து, அதைச் செய்த ரிக்பி நிறுவனத்துக்கே திரும்பிச் சென்றது. 2016-இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, அவர் பெயர் தாங்கிய குமாவூன் தேசியப் பூங்காப் பகுதியில் மக்களுக்குக் காட்டினார்கள். எந்தக் காட்டில் அதன் தாழ்ப்பாள் ஓசையைக் கேட்டு ஊரார் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்களோ, அந்தக் காட்டில் இப்போது அதைக் கொண்டு எவரும் எதையும் சுட இயலாது.